சாவு மேளத்துக்கு ஒரு பொத்தான்

தோழர்களே, இந்த முறை ஒரு கீபோர்டைப் பற்றி எழுதப் போகிறேன். களப்பணி, மனு, சட்டம் என்று எழுதிக்கொண்டிருந்தவளுக்கு என்ன ஆயிற்று என்று நினைக்க வேண்டாம். கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

எங்கள் காலனியில் அம்பேத்கர் பெயரில் ஒரு மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறோம். விழுப்புரம் பக்கம். ஒரே அறை, இரண்டு டியூப்லைட், ஒரு பீரோ. வேலை முடிந்து வந்து நானும் இரண்டு கல்லூரிப் பிள்ளைகளும் பாடம் சொல்லிக் கொடுப்போம். போன வருடம் தை மாதத்தில், பக்கத்து டவுனில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் மகன் வாசித்த பழைய கீபோர்டைக் கொண்டுவந்து கொடுத்தார். மகன் வெளிநாடு போய்விட்டானாம். அறுபத்தோரு கட்டை. ஒன்றிரண்டு பொத்தான்களில் எழுத்து அழிந்திருந்தது. அடாப்டர் மட்டும் புதிதாக வாங்கினோம்.

எங்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. எனக்கு மட்டும் சர்ச்சில் ஒரு அண்ணன் ஆறு மாதம் சொல்லிக் கொடுத்த அரைகுறை ஞாபகம். ஆனால் பிள்ளைகள் முதல் நாளே ஒரு பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதை அழுத்தினால் டிரம்ஸ் வந்தது. இடது பக்கம் ஒரு கட்டையைத் தொட்டதும் பேஸ், கிட்டார், வயலின் எல்லாம் சேர்ந்து கிளம்பியது. ஒரு விரலுக்குப் பின்னால் ஒரு முழு செட்! பதினோராம் வகுப்புப் படிக்கும் எங்கள் சின்னவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். "அக்கா, இதுல எத்தனை பேரு உள்ள உக்காந்திருக்காங்க?" என்றாள்.

நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் நாங்கள் அந்தப் பெட்டியைப் பிரித்து மேய ஆரம்பித்தோம்.

இந்த வகைக் கீபோர்டுக்கு அரேஞ்சர் கீபோர்டு என்று பெயர். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பக்கவாத்திய அமைப்பும் ஒரு 'ஸ்டைல்'. ஒரு ஸ்டைலில் தாளம், பேஸ், கார்டு வாசிக்கும் கருவிகள், பின்னால் நீளமாக இழுக்கும் சத்தம், இடையில் வரும் சின்னச் சின்ன மெட்டுகள் என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. ஒருவர் அதை முன்கூட்டியே ஒரே ஒரு கார்டில் வாசித்துப் பதிந்து வைத்திருப்பார். நாம் இடது கையில் வேறு கார்டு பிடித்தால், பெட்டி அந்தப் பதிவை அந்தக் கார்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். தாளம் மட்டும் மாறாது. பாட்டின் தொடக்கத்துக்கு இன்ட்ரோ, பல்லவிக்கும் சரணத்துக்கும் மெயின் ஏ, பி, சி, டி, இடையில் உருட்டுவதற்கு ஃபில், முடிப்பதற்கு எண்டிங். ஏ-யில் கருவிகள் குறைவு, டி-யில் நிறைவு.

கார்டு தெரியாதவர்களுக்கும் வழி உண்டு. யமாஹா வகையில் ஒரு விரல் முறை இருக்கிறது. ஒரு கட்டையை மட்டும் தொட்டால் மேஜர். அதோடு அதற்கு இடப்பக்கம் உள்ள பக்கத்துக் கறுப்புக் கட்டையைச் சேர்த்தால் மைனர். வெள்ளைக் கட்டையைச் சேர்த்தால் செவன்த். கேசியோவில் கணக்கு வேறு. இரண்டு வாரத்தில் பிள்ளைகள் மூன்று கார்டில் பாட்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்புறம்தான் ஸ்டைல் பட்டியலை உட்கார்ந்து படித்தோம். ராக், டிஸ்கோ, வால்ட்ஸ், சம்பா. இந்தியாவுக்கென்று ஒரு பிரிவு. அதில் பாங்ரா இருந்தது, தாண்டியா இருந்தது, பஜன் இருந்தது, தபலா, தோலக், மிருதங்கம் எல்லாம் இருந்தன. சின்னவள் மேலும் கீழும் மூன்று முறை தேடினாள். "நம்மது இல்லக்கா" என்றாள். பறை இல்லை.

எனக்கு ஆச்சரியம் வரவில்லை. முதுகலையில் சமூகவியல் படித்தபோது எந்த அறிவு நூலகத்தில் இருக்கும், எது தெருவில் நிற்கும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு பதினாறு வயதுப் பெண் ஒரு சின்னத் திரையில் தன்னைத் தேடிவிட்டு, சாதாரணமாக "இல்லக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதைக் கண்டபோது, படித்ததெல்லாம் வேறு மாதிரி உறைத்தது.

அன்று அவர்களுக்கு ஜமைக்காவின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். 1981இல் கேசியோ கம்பெனி எம்.டி.-40 என்று ஒரு சின்னக் கீபோர்டை வெளியிட்டது. வீட்டில் வைத்து விளையாட ஏற்ற பொருள். அதிலிருந்த தானியங்கித் தாளங்களை அமைத்தவர் ஒகுடா ஹிரோகோ என்ற இளம் பெண். அப்போதுதான் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தார். ரெக்கே இசையின் மேல் பைத்தியம், கல்லூரி ஆய்வேடே ரெக்கே பற்றித்தான். அந்தக் கீபோர்டில் 'ராக்' என்று பெயரிட்ட ஒரு தாளம் இருந்தது. சில வருடம் கழித்து கிங்ஸ்டன் நகரத்தில் நோயல் டேவி, வெய்ன் ஸ்மித் என்ற இரண்டு இளைஞர்கள் கையில் அது கிடைத்தது. அந்த 'ராக்'கை எடுத்துக்கொண்டு இசைத் தயாரிப்பாளர் ஜாமியிடம் போனார்கள். அவர் வேகத்தைக் குறைத்துப் பதிவு செய்தார். 1985இல் 'ஸ்லெங் டெங்' வெளிவந்தது. பேண்டு வைத்துப் பாட்டுப் பதிவு செய்யக் காசில்லாத தெருவிலிருந்து, ஒரு பொம்மைப் பெட்டியை வைத்துக்கொண்டு, ஜமைக்காவின் இசையையே டிஜிட்டலுக்குத் திருப்பிவிட்டார்கள். அதே தாளத்தின் மேல் நூற்றுக்கணக்கான பாட்டுகள் பிறகு வந்தன.

அதனால் கம்பெனி போட்டுக் கொடுத்த பட்டியலோடு நாம் நின்றுவிட வேண்டியதில்லை என்று முடித்தேன். சொல்வது சுலபம்.

ஏப்ரல் 14 நிகழ்ச்சிக்குப் பிள்ளைகள் நான்கு பாட்டு எடுத்துக்கொண்டார்கள். தோலக் ஸ்டைல் ஒன்றை வைத்துக்கொண்டு ஒத்திகை. சாயந்திரம் டீ குடிக்கப் போகும் வழியில் பெரியப்பா வாசலில் நின்று கேட்டார். அப்பாவுடைய அண்ணன். எழுபதைத் தாண்டியவர். இந்தப் பக்கத்தில் பத்து ஊருக்கு அவர் கை தெரியும். நாங்கள்தான் 'பறை' என்போம். அவர் வாயில் அந்தச் சொல் வராது, 'மேளம்' என்பார். அந்தச் சொல்லை வைத்து அவரை ஊரில் எப்படியெல்லாம் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும்.

முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "பொண்ணு பாடுது, பொட்டி அடிக்குது. யாரு பின்னாடி யாரு போறது?"

எங்களுக்குப் புரியவில்லை.

"பாடுற புள்ள மூச்சு வாங்குது பாரு, அந்த எடத்துல பொட்டி நிக்கல. அது பாட்டுக்குப் போயிக்கினே இருக்குது. புள்ள பின்னாடி ஓடுது. மேளக்காரன் பாடுறவன் வாயப் பாத்துத்தான் அடிப்பான்."

சரியான குறை. ஸ்டைல் வைத்து வாசிக்கும் எல்லோருக்கும் உள்ள நோய் இது. பெட்டி தலைவர் ஆகிவிடும், பாடுகிறவர் தொண்டர் ஆகிவிடுவார். அதற்கு வழி தேடினோம். உங்கள் படிப்பகத்திலோ வீதி நாடகக் குழுவிலோ கீபோர்டு இருந்தால் இதையெல்லாம் செய்து பாருங்கள்.

ஒன்று, 'சிங்க் ஸ்டாப்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைப் போட்டுவிட்டால், இடது கையைக் கட்டையில் வைத்திருக்கும் வரைதான் ஸ்டைல் ஓடும். கையை எடுத்ததும் நின்றுவிடும், மறுபடி வைத்ததும் கிளம்பும். தொகையறா மாதிரி இழுத்துப் பாடும் இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். பாடுகிறவர் மூச்சு வாங்கிக்கொண்டு வரட்டும். இரண்டு, வேகத்தை எண்ணில் போடாமல், பாடுகிறவரை இரண்டு வரி பாடச் சொல்லி, அதற்கேற்ப 'டேப் டெம்போ' பொத்தானைத் தட்டி எடுங்கள். மூன்று, நம் பாட்டுகளில் பல மேஜரிலும் அடங்காது, மைனரிலும் அடங்காது. கார்டு பிடித்ததும் பாட்டு வேறு ஊர்ப் பாட்டாகிவிடும். அப்போது மூன்று சுரத்தையும் பிடிக்காதீர்கள். சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் பிடியுங்கள். விரல் போட்டுப் பிடிக்கும் முறையில் யமாஹா கீபோர்டுகள் இதையும் ஒரு கார்டாக எடுத்துக்கொள்ளும். நடுவில் உள்ள காந்தாரம் இல்லாததால் பாட்டுக்கு இடம் கிடைக்கும். நான்கு, மிக்சர் பக்கத்துக்குப் போய் வயலினையும் கிட்டாரையும் அணைத்துவிட்டு, தாளத்தையும் பேஸையும் மட்டும் விடுங்கள். இருக்கிறதெல்லாம் ஒலிக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

ஏப்ரல் 14 நன்றாகவே நடந்தது. ஆனால் சின்னவளுக்கு மனசு ஆறவில்லை. எங்கள் கீபோர்டில் புது ஸ்டைல் உருவாக்கும் வசதி இருக்கிறது என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். விலை குறைந்த மாடல்களில் இது இருக்காது. "பெரிய தாத்தா அடிக்கிறத இதுல ஏத்தலாம் அக்கா" என்றாள்.

இங்கே என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

என் அப்பா மேளத்தைத் தொட்டதில்லை. லாரி டிரைவர். சின்ன வயதில் ஒரு சாவுக்கு அவருடைய அப்பாவோடு போனவர், மதியச் சோற்றைக் கையில் வாங்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்ட அன்றோடு "இனிமே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம். பெரியப்பா மட்டும் மூத்தவர் என்பதால் மாட்டிக்கொண்டார். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது பெரியப்பா வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த பறையை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினேன். அம்மா ஓடிவந்து கையிலேயே ஒன்று போட்டாள். "படிக்கிற கை அது" என்றாள். சர்ச்சில் கீபோர்டு கற்கப் போனபோது அதே அம்மாதான் பஸ்ஸுக்குக் காசு கொடுத்தாள்.

இப்படித்தான் எனக்கும் பறைக்கும் நடுவில் ஒரு தலைமுறை இடைவெளி விழுந்தது. நம் இயக்க வரலாற்றிலும் இந்த இரண்டு வழிகள் உண்டு. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் எல். இளையபெருமாள் போன்றவர்கள் பறையடிக்க மறுப்பதையே போராட்டமாக நடத்தினார்கள். பறையைக் கீழே வைத்தால்தான் மானம் என்ற வழி அது. இன்னொரு பக்கம், மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பறட்டை அண்ணன் என்று அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையையே வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். 2018 ஜனவரியில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் மேடை ஏறியது. 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பறையை நிமிர்த்திப் பிடித்தால்தான் மானம் என்ற வழி இது. இரண்டில் எது சரி என்று விடுதி அறைகளில் விடிய விடிய நாம் எல்லோரும் சண்டை போட்டிருக்கிறோம்.

அந்தச் சண்டையைப் பெரியப்பாவிடம் கொண்டுபோனோம் என்றுதான் சொல்ல வேண்டும். படிப்பகத்தில் பாடம் எடுக்கும் கல்லூரித் தோழர் ஒருவர் பறைக் குழுவில் இருப்பவர். அவர் ஆரம்பத்திலேயே எதிர்த்தார். "பறை கூட்டா அடிக்கிற கலை. தீ மூட்டி, தோல் காய்ச்சி, நாலு பேர் நின்னு அடிக்கணும். அதைப் பொத்தானுக்குள்ள அடைச்சா நாமளே அதைக் கொன்ன மாதிரி. நாளைக்கு எங்கள யாரு கூப்பிடுவாங்க?" என்றார். அதில் நியாயம் இருந்தது. கல்யாணத்துக்கும் கட்சி ஊர்வலத்துக்கும் அடித்து அந்த வருமானத்தில் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறவர்.

நான் பெரியப்பாவும் அதையேதான் சொல்வார் என்று நினைத்தேன். வாழ்நாள் முழுக்க அடித்தவர், தன் கலையை இயந்திரத்திடம் கொடுக்க மாட்டார் என்று எனக்குள் ஒரு படித்தவளின் கற்பனை.

அவர் கேட்டது ஒன்றுதான். "சாவு மேளத்தையும் இதுல ஏத்த முடியுமா?"

"ஏத்தலாம் பெரியப்பா."

"அத மொதல்ல ஏத்து."

தோழர் பதறினார். "ஐயா, அதுதான் வேணாம்னு போராடுறோம். திருவிழா அடி, ஆட்ட அடி எல்லாம் ஏத்தலாம். சாவு அடிய எதுக்கு?"

பெரியப்பா அவரை அன்பாகத்தான் பார்த்தார். "தம்பி, நீ மேடையில அடிக்கிறவன். உனக்குக் கைதட்டுவான். எனக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு ஆள் வரும். எங்கூட்டு வாசல்ல நின்னு பேரச் சொல்லி, வாடான்னு கூப்புடுவான். மழையா இருந்தாலும் போவணும், காய்ச்சலா இருந்தாலும் போவணும். இதுல ஏத்திப்புட்டா பொட்டிய எடுத்தும்போயி அவங்கூட்டு வாசல்ல அவனே அமுக்கிக்கட்டும். நம்ம தெருவுலேர்ந்து ஒருத்தனும் போவ வேணாம்."

யாரும் பேசவில்லை.

ஆனி மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. கீபோர்டில் பறைச் சத்தம் இல்லை. அதனால் தடித்த அடிக்குச்சியின் அடிக்குத் தோலக்கின் கனத்த பக்கத்தை எடுத்தோம். மெல்லிய சிண்டுக்குச்சியின் சடசடப்புக்கு டிம்பாலே என்ற லத்தீன் அமெரிக்க மேளத்தின் சத்தத்தையும், ஸ்நேர் டிரம்மின் ஓரத் தட்டையும் கலந்தோம். பெரியப்பா பறையில் அடிப்பார். சின்னவள் அதைக் கேட்டு இரண்டு கை விரலாலும் கட்டையில் தட்டிப் பதிவாள். முதல் தடவை பதிந்து முடித்ததும் 'குவாண்டைஸ்' போட்டாள். அடி எல்லாம் சரியான கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் வசதி அது. போட்டுக் காட்டினோம். பெரியப்பா முகம் சுளித்தார். "இன்னாமே இது, போலீஸ்காரன் நடக்கிற மாதிரி இருக்குது" என்றார். அவருடைய அடியில் சிண்டுக்குச்சி எப்போதும் ஒரு மயிரிழை முந்தி வரும். அந்த முந்துதலில்தான் கால் தானாக ஆடும். கட்டத்துக்குள் இழுத்துவிட்டதும் அது செத்துவிட்டது. குவாண்டைஸை எடுத்துவிட்டு மறுபடி பதிந்தோம்.

அடுத்த சிக்கல் வேகம். ஸ்டைல் என்பது சில பட்டைகள் ஓடி மறுபடி முதலிலிருந்து வரும் வளையம். மேளம் அப்படியில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஏறி உச்சத்தில் ஒரு வெட்டு, மறுபடி அடியிலிருந்து. அதற்கு மெயின் ஏ, பி, சி, டி நான்கையும் ஏற்றத்தின் நான்கு படியாக வைத்தோம். ஏ-யில் அடிக்குச்சி மட்டும். டி-யில் இரண்டு குச்சியும் நிறைய. வெட்டை ஃபில்லில் வைத்தோம். வேகத்தைக் கையால் ஏற்ற வேண்டும், வேறு வழியில்லை. ஆறெட்டு கணக்கில் மூன்று மூன்றாக ஓடும் ஆட்ட அடி ஒன்று, சாமிக்கு அடிப்பது ஒன்று, அப்புறம் சாவு. மூன்று ஸ்டைல். கல்லூரித் தோழரும் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து "அந்த ஃபில்லு இன்னும் ஒரு அடி தள்ளி வரணும்" என்று திருத்தினார். அவர் கருத்து மாறவில்லை. ஆனாலும் காது சும்மா இருக்கவில்லை.

ஸ்டைலுக்குப் பெயர் போட வேண்டும் என்று கீபோர்டு கேட்டது. பெரியப்பாவிடம் கேட்டோம். "சாதிப் பேரு வெக்காத, எம்பேரும் வெக்காத. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வை" என்றார். அப்படியே வைத்தோம்.

புரட்டாசியில் ஊர்ப் பக்கம் ஒரு பெரியவர் இறந்துபோனார். நிலம் உள்ள குடும்பம். இரவு ஒன்பது மணிக்கு இரண்டு பேர் பைக்கில் வந்து பெரியப்பா வாசலில் நின்றார்கள். நான் படிப்பகத்தைப் பூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். பெரியப்பா உள்ளேயிருந்து வந்து, துண்டைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நான் பார்த்த வரையில் அந்த ஆட்கள் முன்னால் துண்டு தோளில் இருந்தது அன்றுதான்.

"நான் வரல. எங்க பசங்களும் வரமாட்டாங்க. சத்தம் வேணும்னா படிப்பகத்துல ஒரு பொட்டி இருக்குது. மூணாவது நம்பரப் போட்டா சாவு மேளம் அடிக்கும். எடுத்துக்கினு போங்க. வாடகை வேணாம்."

கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் நிஜமாகவே அதற்குத்தான் அதைச் செய்யச் சொன்னார். வந்தவர்களில் ஒருவருக்கு முகம் சிவந்தது. "என்னா, நக்கலா? தலமுற தலமுறையா வர்றது" என்றார். பெரியப்பா பதில் சொல்லவில்லை. நானும் சின்னவளும் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றோம். பைக் திரும்பிப் போனது.

மறுநாள் அவர்கள் டவுனிலிருந்து பேண்டு செட் கூட்டிவந்தார்கள். நாற்காலி போட்டு உட்காரவைத்தார்களாம், காபி கொடுத்தார்களாம். காசும் பேசியபடி கொடுத்திருப்பார்கள். அதோடு முடியவில்லை. அடுத்த வாரம் ஊர்க் கடையில் பெரியப்பா வீட்டுக்குக் கடன் நின்றது. அவர் குத்தகைக்குப் பயிர் வைக்கும் முக்கால் காணிக்கு டிராக்டர் வரவில்லை. "டீசல் இல்ல", "டிரைவர் லீவு" என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம்.

அந்த நாட்களில் நான் திரும்பத் திரும்ப ஒன்றையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்குத் தேவை சத்தம் என்றால் பெட்டியில் அது இருந்தது, அதுவும் இலவசமாக. பேண்டும் கிடைத்தது. அவர்கள் வீட்டுச் சாவு சத்தமில்லாமல் ஒன்றும் போகவில்லை. பிறகு ஏன் இந்தக் கோபம்? அவர்கள் கேட்டது தாளம் இல்லை. இரவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவரும் ஒரு ஆள். சாதி வேலையை மட்டும் பிரித்து வைக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் வாதிட்டதைப் பரீட்சைக்கு எத்தனை முறை எழுதியிருப்பேன். வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டால் அடுக்கு தானாகக் குலையும் என்று எங்கேயோ நானும் நம்பியிருக்கிறேன். பெரியப்பாவும் நம்பினார். எந்திரம் வேலையை எடுத்துக்கொள்ளும். அடுக்கைக் குலைக்க நாம்தான் வேண்டும்.

இதை எழுதுவதில் ஒரு பயன் இருக்க வேண்டும் என்பதால் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்துக்குப் பிறகு சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் தெளிவாகக் குற்றம். ஊதியமில்லாக் கட்டாய வேலை வாங்குவதும் குற்றம். ஆனால் கடன் தர மறுத்ததையும் டிராக்டர் வராததையும் 'புறக்கணிப்பு' என்று நிரூபிக்கத் தேதி வேண்டும், சாட்சி வேண்டும். நாங்கள் மறுத்த அன்றே ஒரு நோட்டுப் போட்டிருக்க வேண்டும். பத்து நாள் கழித்துத்தான் போட்டோம். மனு கொடுத்தோம். விசாரிக்க வந்தவர்களிடம் கடைக்காரர் "சரக்கு இல்ல, அதான்" என்றார். மனு நிலுவையில் இருக்கிறது. டிராக்டர் மட்டும் பக்கத்து ஊர்க் காலனியிலிருந்து தோழர்கள் அனுப்பினார்கள். நீங்கள் உங்கள் ஊரில் இப்படி ஒரு மறுப்பைச் சொல்லப் போகிறீர்கள் என்றால், சொல்வதற்கு முந்தைய நாளிலிருந்தே நோட்டுப் போடத் தொடங்குங்கள். யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், எந்தக் கடை, எந்தத் தேதி. கூடவே, தனி ஆளாக மறுக்கவிடாதீர்கள். பெரியப்பா அன்று தனியாக நின்ற அரை நிமிடம் இன்னும் என்னை உறுத்துகிறது.

பறையா, மறுப்பா என்ற பழைய சண்டையில் நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்பீர்கள். கல்லூரித் தோழர் மேடையில் அடிக்கட்டும், காசு வாங்கட்டும், பேர் வாங்கட்டும். பெரியப்பா அடிக்காமல் இருக்கட்டும். யார், எங்கே, எதற்கு அடிப்பது என்பதை அடிக்கிறவர் முடிவு செய்யும் வரை இரண்டும் ஒரே போராட்டம்தான் என்று இப்போது தோன்றுகிறது. நாளைக்கு வேறு மாதிரி தோன்றலாம். அப்போது அதையும் எழுதுகிறேன்.

மூன்றாம் நம்பர் ஸ்டைலை இதுவரை யாரும் பயன்படுத்தவில்லை. அழித்துவிடலாமா என்று சின்னவள் கேட்டாள். பெரியப்பா வேண்டாம் என்றுவிட்டார். "இருக்கட்டும். மறுபடி வந்தான்னா மறுபடியும் குடுப்பேன்" என்றார். முதல் நம்பரைப் பிள்ளைகள் தினமும் போடுகிறார்கள். போன வாரம் சின்னவள் அதை மெயின் டி வரை ஏற்றி, சிங்க் ஸ்டாப்பில் கையை எடுத்து நிறுத்தினாள். வாசலில் டீ டம்ளரோடு நின்ற பெரியப்பா, நின்ற இடத்திலேயே கதவில் இரண்டு விரலால் அந்த வெட்டை அடித்து முடித்தார். ஒரு மயிரிழை முந்தி.

ஜெய்பீம்.